கிரி என்றால் மலை

எரிந்துபோன கட்டடத்துக்குள் இறங்கிப் பூட்டைத் தேடுகிற மனிதரைச் சிந்தாதிரிப்பேட்டை அன்றுதான் பார்த்தது. துப்பறியும் மாசிலாமணி வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் துறைமுகத்துச் சுங்க இலாகாவில் இருந்தவர். மேலதிகாரியின் மைத்துனனைக் கள்ளச்சரக்கோடு பிடித்துக் கொடுத்தார். அதற்குச் சன்மானமாக வேலை போயிற்று. அதிலிருந்து மயிலாப்பூரில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு சொந்தமாகத் துப்பறிகிறார்.

பக்கத்தில் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நின்றவன் அவருடைய உதவியாள் தேசப்பன். மூக்கோடு வாயையும் மூடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது அவனால் ஆகாத காரியம்.

“வாத்யாரே, அவனவன் சாம்பலை எடுத்துப் பல்லு வெளக்கிக்கினு கீறான். நீங்க இன்னாடான்னா அதுக்குள்ள பூட்டைத் தேடிக்கினு கீறீங்க. வூடே இல்ல, பூட்டு கெடைச்சா எங்க போடுவீங்க?”

“போட்டது யாருன்னுதான்யா தேடறேன்.”

அந்த இடம் ராஜாபாதர் என்பவருடைய கல்லச்சுக்கூடம். வழவழப்பான கல்லில் படம் வரைந்து, மை தடவி, தாளில் அழுத்தி லேபிள் எடுப்பார்கள். முந்தாநாள் நடுப்பகலில் தீப்பிடித்தது. உள்ளே ராஜாபாதரும், அவரிடம் படம் வரையும் கிழவர் அங்கமுத்துவும் இருந்ததாகத் தெருவே சொன்னது. கிடைத்ததோ ராஜாபாதரின் உடல் மட்டும். பின்பக்கச் சன்னலில் ஒரு கம்பி வளைந்திருந்தது. அதற்குக் கீழே கூவம் ஓடியது. டர்பன்டைன் பற்றிக்கொண்டது, விபத்து என்று போலீஸ்காரர்கள் எழுதி முடித்துவிட்டார்கள்.

குச்சி எதிலோ தட்டியது. மாசிலாமணி அதைக் கையில் எடுத்து ஊதினார். வாசற்கதவின் நாதாங்கியும் அதில் தொங்கிய பூட்டும் ஒன்றாகக் கறுத்துக் கிடந்தன. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

“உள்ளே இருக்கிறவன் வெளிப்பக்கம் எப்படிய்யா பூட்டுவான்?” என்றார் மாசிலாமணி.

தேசப்பன் மூக்கிலிருந்து துண்டை எடுத்துவிட்டுப் பூட்டைக் குனிந்து பார்த்தான்.

“பார்த்தேளா மிஸ்டர் மாசிலாமணி? நான் சொன்னேனோல்லியோ, இது விபத்து இல்லேன்னு?”

தெருவில் நின்ற மோட்டாரிலிருந்து இறங்கி வந்தவர் பத்ரிநாராயணன். இந்த வழக்கில் மாசிலாமணியை அமர்த்தியவர். சட்டம் படித்துவிட்டு, கோர்ட்டுப் படி ஏறாமல் ஜவுளி ஏற்றுமதியில் இறங்கியவர். தியாகராய நகரில் புதுப் பங்களா, பினாங்கில் கிளை, அடுத்த வருஷம் ஜாவா என்று திட்டம். வெள்ளைப் பஞ்சகச்சமும் அல்பாகா கோட்டும் அணிந்திருந்தார். கோட்டின் வலப்பக்கப் பை மட்டும் கனத்துத் தொங்கியது.

“கொளுத்தினது அந்தப் பொம்மனாட்டிதான். மயிலாப்பூர் ஜைதூன் பீ. என் மார்க்கைத் திருடினா. இப்போ சாட்சியையும் முடிச்சுடப் பார்த்திருக்கா. கிழவன் தப்பிச்சுட்டான்னு தெரிஞ்சா விடமாட்டா. இன்னிக்கு மத்தியானம் கமிஷன். அதுக்குள்ள அவனை நாம பிடிச்சாகணும்.”

“என் உதவியாளுக்காக இன்னொரு தரம் சொல்லிடுங்க. அவனுக்கு லுங்கியைக் கட்டத் தெரியும், அதுக்கு ஏன் கேஸுன்னு தெரியாது.”

பத்ரிநாராயணனுக்குச் சட்டம் பேசுவதில் தனி ருசி உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டார். “கேளும் ஓய். என் லேபிளை இங்கே ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல பதிவு பண்ணி, பத்திரிகையிலயும் போட்டாச்சு. ஆனா அதுக்கு மதிப்பு நம்ம துறைமுகம் வரைக்குந்தான். இந்த ஊர் பாத்தியதை கப்பல் ஏறாது. பினாங்குல மார்க்கைப் பதிவு பண்ண ஆபீஸே கிடையாது. அங்கே ஜட்ஜு கேக்கறது ரெண்டே கேள்வி. முதல்ல கொண்டுவந்து வித்தது யார்? வாங்கறவன் என்ன பேர் சொல்லிக் கேக்கறான்? இதுக்குப் பதில் வெச்சிண்டிருக்கறவனுக்குத்தான் மார்க்கு.”

“அப்ப ஜாவாவுல?” என்றார் மாசிலாமணி.

“அது டச்சுக்காரன் ஊர். சட்டமே வேற. ஒவ்வொரு துறைமுகத்துலயும் முதல்ல வக்கீலைப் பார்த்துட்டுத்தான் சரக்கை இறக்கணும்.”

“அடேங்கப்பா!” என்றான் தேசப்பன். “எங்க குப்பத்துல லுங்கி அவுறாம இருந்தா போதும்னு கட்டுவோம். அதுக்குள்ள இத்தினி ஊரு சட்டம் கீதுன்னு தெரிஞ்சா கோவணத்தோட நின்னுக்கினு இருப்போம்.”

பத்ரிநாராயணன் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு லேபிள்களை எடுத்துக் காட்டினார். இரண்டிலும் எழுத்து கிடையாது, வெறும் படம். லுங்கி கட்டிய ஒரு மனிதன் நின்று சலாம் வைக்கிறான். ஒன்றில் வலது கையால் சலாம், பின்னால் ஒரு மலை. மற்றதில் இடது கையால் சலாம், மலை கிடையாது.

“மலை இருக்கறது என்னோடது. இன்னொண்ணு அவளோடது. கல்லுல வரையறது தாள்ல புரண்டு விழும். அச்சான லேபிளை வெச்சு அப்படியே கல்லுல பிரதி எடுத்தா வலது கை இடது கையா ஆயிடும். திருடினவ அதைக் கவனிக்கலை. இடது கையால சலாம் வெப்பானோ எவனாவது? அது போறாதுன்னு மலையையும் விட்டுட்டா. பினாங்குல மலாய்க்காரன் கடையில வந்து என்ன பேர் சொல்லிக் கேக்கறான் தெரியுமோ? ‘சாப் கிரி.’ சாப்னா மார்க்கு. கிரின்னா மலை. மலை மார்க்கு! மலையே இல்லாத லேபிள் எப்படி ஓய் அசலாகும்?”

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. மாசிலாமணி இரண்டு லேபிள்களையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“எது அசல்னு வரைஞ்சவனே சொல்லட்டும்னு பினாங்கு கோர்ட் உத்தரவு போட்டிருக்கு. கிழவன் கப்பல் ஏற மாட்டான். அதனால சாட்சியை இங்கேயே எழுதி அனுப்பக் கமிஷன். லஸ்ல வக்கீல் ராமானுஜம் ஆத்துல உட்காரப் போறது. அவன் வரலேன்னா வெறுங்காகிதம்தான் போகும்” என்றார் பத்ரிநாராயணன்.

கிழவரைக் கண்டுபிடிக்க வழி காட்டியவர் பக்கத்துப் பைண்டிங் கடை அன்வர் பாஷா. மோட்டாரைப் பார்த்ததும் கடைக்குள் பின்வாங்கியவரை தேசப்பன் ஒரு வெற்றிலையைக் கொடுத்துப் பேச வைத்தான்.

“சொந்தம் பந்தம் எனக்குத் தெரியாது ஐயா. ஒரு மீன்காரம்மா கூடையோட வரும். கிழவருக்கு நெத்திலி கொடுக்கும், கூடவே திட்டும். ‘போடோ, போடோ’ன்னு திட்டும்.”

“போடாங்கறதைப் பல்லு போன கேஸு அப்டிச் சொல்லிகீதுபா” என்றான் தேசப்பன்.

“பல்லெல்லாம் சோக்காத்தான் இருக்கும்.”

மாசிலாமணியின் முகம் மாறியது. “அது தமிழ் இல்லைய்யா, மலாய். முட்டாளேன்னு அர்த்தம். பினாங்குக் கப்பல்ல வர்றவங்க மூட்டை இறங்கறதுக்கு முன்னே அந்த வார்த்தையை இறக்குவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே மலாய் வார்த்தை அதுதான். தேசப்பா, பினாங்குல இருந்துட்டு வந்த மீன்காரி நம்ம கரையில யார்?”

“ஊரூர்க் குப்பம் அந்தோணியம்மா! வெள்ளக்காரன் வூட்டுல ஆயாவா போயி, பத்து வருசம் கெடந்துட்டு வந்துச்சு. எங்க அத்தைக்கு ஒண்ணுவிட்ட ஓர்ப்படி.”

மோட்டார் மயிலாப்பூர் நோக்கிக் கிளம்பியது. ஓட்டினவன் கபாலி. இடது உள்ளங்கையில் துணிக்கட்டுப் போட்டிருந்தான். முன் ஸீட்டில் உட்கார்ந்த தேசப்பனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“கையில இன்னா அண்ணாத்தே கட்டு?”

“வெந்நீர் பட்டுடுச்சு.”

“முன்ன எங்க ஓட்டிக்கினு இருந்தே?”

“அக்கரையில. ரப்பர் தோட்டத்து லாரி.”

“கபாலி, வாயை மூடிண்டு ரோட்டைப் பாரு” என்றார் பின்னாலிருந்து பத்ரிநாராயணன். கபாலி அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. ரோட்டையும் சரியாகப் பார்க்கவில்லை; தேனாம்பேட்டையில் ஒரு வண்டி மாட்டை இடிக்கப் பார்த்தான்.

திருடியின் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று மாசிலாமணி பிடிவாதம் பிடித்தார். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் சந்தில் இருந்தது ஜைதூன் பீயின் வீடு. கூடத்தில் நாலைந்து பெண்கள் லுங்கிகளை மடித்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள், ஆள் நுழைந்ததும் உள்ளே ஓடினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“வாசல்ல நிக்கற மோட்டார் யாரோடதுன்னு தெரியும். அதுல வந்தவங்க கிட்ட எனக்குப் பேச்சு இல்லே.”

“ஒரே கேள்விம்மா. உங்க லேபிள்ல ஏன் இடது கை?”

“அது எங்க வூட்டுக்காரர் ஷரஃபுதீன் செஞ்ச தப்பு இல்லே. கல்லு செஞ்ச தப்பு. ஜெர்மன் சண்டை முடிஞ்ச வருஷம் அச்சாகி வந்துச்சு. கிழிச்சுப் போட மனசு வரலே, அப்படியே அனுப்பிட்டார். அவர் மவுத்தாயி, அல்லா புண்ணியத்துல நானும் அதையே ஒட்டி அனுப்பறேன். இப்ப என் சரக்கெல்லாம் பினாங்குக் கிடங்குல பூட்டிக் கெடக்குது. இந்தக் கேஸு போச்சுன்னா இங்கே மடிக்கற பொண்ணுங்களும் நானும் எந்த வாசல்ல போயி நிக்கறது?”

“அங்கமுத்து எங்கே இருக்கார்னு தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன். நீங்க கெட்டிக்காரர்னு சொல்றாங்க, கண்டுபிடிச்சுடுவீங்க. கண்டுபிடிச்சு யார் கையில கொடுக்கறீங்கன்னு மட்டும் பாத்துக்கிடுங்க.”

வெளியே வந்த மாசிலாமணி சந்திலேயே ஒரு கணம் நின்றார். திருடுகிறவர்கள் கெஞ்சுவார்கள், இல்லாவிட்டால் கத்துவார்கள். எச்சரிக்கை செய்கிற திருடியை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் மோட்டார் கதவு திறந்திருந்தது, ஏறி உட்கார்ந்தார்.

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். மோட்டாரைக் கண்டால் குப்பத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

“போயிட்டு வாங்கோ. கிழவன் ஆப்ட்டதும் கையைத் தூக்கி அசைச்சா போதும். கபாலியும் நானும் வந்து பத்திரமா அழைச்சிண்டு போயிடறோம்.” பத்ரிநாராயணன் இதைச் சொல்லும்போது கை தானாகக் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

மணலில் நடக்கும்போது தேசப்பன் குரலைத் தாழ்த்தினான். “வாத்யாரே, அவரு பையில தேங்காயா வெச்சிக்கினு கீறாரு?”

“தேங்காய்க்கு லைசென்ஸ் வேண்டாம். அதுக்கு வேணும்.”

“கெழவனைப் பத்திரமா இட்டுக்கினு போவ அதெதுக்கு?”

மாசிலாமணி நடையை எட்டிப் போட்டார். கடற்காற்று அன்றைக்கு நின்றுபோயிருந்தது. குப்பத்து நாய்கள்கூடக் குரைக்காமல் நிழலில் கிடந்தன.

அந்தோணியம்மாள் குடிசை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கெட்டியான பொம்பளை. அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“அங்கமுத்துவா? எந்த அங்கமுத்து? எனக்கு யாரையும் தெரியாது. வெயில் ஏறுது, போய்க்கினே இருங்க.”

“அத்தே, நான் தேசப்பன். செங்கேணியம்மா பேரன்.”

“வந்துட்டான் பாரு சொந்தம் கொண்டாடிக்கினு. உன் பாட்டி சாவுக்கு நான் வந்தேன். என் புருசன் சாவுக்கு நீ வந்தியா?”

“அப்ப எனக்கு மீசை மொளைக்கலியே அத்தே.”

“இப்ப மட்டும் இன்னா மொளைச்சிகீது?”

மாசிலாமணி அவளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார். கருகிய பூட்டை மடியிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தார். “இது வெளிப்பக்கம் பூட்டியிருந்ததும்மா. ராஜாபாதர் தானாச் சாகலை. அடுத்த ஆள் அங்கமுத்துதான். நான் கண்டுபிடிச்ச மாதிரி இன்னொருத்தனும் கண்டுபிடிப்பான். நான் அவரைக் காப்பாத்தணும்.”

அவள் பூட்டை வெகு நேரம் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். “என் தம்பி மாதிரி அந்தாளு. குடிசைக்குள்ள வெச்சா பயம்னு வெளிய வெச்சிருக்கேன். வாங்க.”

பனைமரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. கொஞ்ச தூரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. முன்னால் போன தேசப்பன் வலப்பக்கம், படகுத்துறைப் பாதையில் காலை வைத்தான்.

“அங்க எங்கடா போறே, போடோ! கிரி! கிரி பக்கம் திரும்பு!”

தேசப்பன் நின்றான். சுற்றும் முற்றும் பார்த்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். “மலையா? இங்க இன்னா அத்தே மலை கீது?”

“மலையாவது மண்ணாங்கட்டியாவது. இடது கை பக்கம் திரும்புடான்னேன். பத்து வருசம் அக்கரையில கெடந்த வாயி, அவசரத்துல அதான் வருது. அங்க கிரின்னா இடது, கானான்னா வலது.”

மாசிலாமணி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். சட்டைப்பையிலிருந்து இரண்டு லேபிள்களையும் எடுத்தார். வலது கை, மலை. இடது கை, மலை கிடையாது.

“தேசப்பா. சாப் கிரின்னா என்ன?”

“மலை மார்...” தேசப்பன் பாதியில் நிறுத்திக்கொண்டான். வாய் திறந்தபடியே இருந்தது. “ஐயோ வாத்யாரே! இடது கை மார்க்கு!”

“பினாங்குல எவனும் மலையைக் கேக்கலை. இடது கையால சலாம் வெக்கற கூத்தைப் பார்த்துச் சிரிச்சான், அதையே பேராக்கிக் கேட்டான். நம்ம ஆள் அந்தப் பேரைக் கேட்டார். கிரின்னா மலைன்னு தமிழ்ல அர்த்தம் பண்ணிக்கிட்டார். திருடின படத்துக்குப் பின்னாலே ஒரு மலையைப் போட்டார். அந்தம்மா லேபிளைக் கல்லுல அப்படியே பிரதி எடுத்ததால இடது கை வலது கையாப் புரண்டுது. பிரதி எடுத்தா கை மாறும்னு அவர் சொன்னது வாஸ்தவம். மாறினது யாரோடதுங்கறதைத்தான் மாத்திச் சொன்னார்.”

பாதையின் இடப்பக்கம், ஒரு பனைமரத்தடியில் பழைய வலைகள் குவியலாகக் கிடந்தன. அந்தோணியம்மாள் ஒரு முனையைத் தூக்கினாள். ஓலைத் தடுக்கின்மேல் கிழவர் அங்கமுத்து சுருண்டு கிடந்தார். புருவம் கருகியிருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது.

“இடது கையை வரைஞ்சது நீங்கதானா பெரியவரே?” என்று மாசிலாமணி கேட்டார்.

“நாந்தாங்க. கல்லுல திருப்பிப் போடணும். அன்னிக்கு நெனப்பில்லாம நேராப் போட்டுட்டேன், அச்சுல கை மாறிப் போச்சு. ஷரஃபுதீன் பாய் நல்லவரு, ஒரு வார்த்தை திட்டல.” கிழவர் இருமினார். “பத்ரி ஐயா கேட்டப்ப, அந்த லேபிளைப் பிரதி எடுக்க மாட்டேன்னுட்டேன். ராஜாபாதர் எடுத்துக் கொடுத்தாரு. கமிஷன்னு வந்ததும் பத்ரி ஐயாதான் ரெண்டு பேரையும் பேசணும்னு உக்கார வெச்சாரு. மோட்டார் சத்தம் கேட்டுச்சு. அப்பால பூட்டற சத்தம். அப்பால புகை. ராஜாபாதர் என்னைச் சன்னல்ல தூக்கி வுட்டாரு. அவரு ஒடம்பு அதுல பூரல.”

கிழவர் அழுதார். இந்த மனிதரைத்தான் மாசிலாமணி காலையிலிருந்து மோட்டாரில் உட்கார்ந்து, கொலைகாரனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெருமையாகத் தேடி வந்திருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“வாத்யாரே!” தேசப்பன் அவர் தோளை அழுத்தினான். “வர்றாங்க.”

பனைமரங்களுக்கு அப்பால் அல்பாகா கோட்டு தெரிந்தது. பின்னால் கபாலி. பொறுமை இழந்து இறங்கி வந்துவிட்டார்கள். பத்ரிநாராயணனின் கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

அந்தோணியம்மாள் வலையைக் கிழவர்மேல் இழுத்துவிட்டு, அதன் ஓரத்தில் உட்கார்ந்து கிழிசல் தைக்க ஆரம்பித்தாள். ஓடவும் வழியில்லை, ஒளியவும் நேரமில்லை. மாசிலாமணி பாதை பிரியும் இடத்துக்கு நடந்தார். கால்கள் மணலில் புதைந்தன.

“கையை அசைக்கச் சொன்னேனே?” என்றார் பத்ரிநாராயணன். குரலில் இருந்த மரியாதை குறைந்திருந்தது. “கிழவன் எங்கே?”

“அதைத்தான் இந்தம்மாகிட்ட கேட்டோம்.” மாசிலாமணி மெதுவாகப் பேசினார். “எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க.”

“என்ன வார்த்தை?”

“கிரி.”

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பத்ரிநாராயணனுக்கு இடது கைப்புறம், கூப்பிடு தூரத்தில், வலைக் குவியல் கிடந்தது. வலை லேசாக அசைந்தது. உள்ளே கிழவர் இருமலை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். தேசப்பன் பெரிதாக இருமி அதை மூடினான்.

“கிரி...” பத்ரிநாராயணனின் கண்கள் மின்னின. “பரங்கிமலை! மேலே மாதா கோயில் இருக்கே. மீன்காரி கிறிஸ்துவச்சி. ஒளிச்சு வெக்க அதைவிட்டா வேற எடம் ஏது? கபாலி, ஆதம்பாக்கம் வழியா விடு. சீக்கிரம்!”

கபாலி நகரவில்லை.

அவன் மலை இருக்கும் திசையைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் திரும்பி, அந்தோணியம்மாளையும் அவளுக்குப் பின்னால் இருந்த வலைக் குவியலையும் பார்த்தான். அப்போதுதான் மாசிலாமணிக்கு அது உறைத்தது. அக்கரையில் லாரி ஓட்டினவன். கிரியும் கானானும் தெரியாமல் அந்த ஊரில் எவனும் லாரி ஓட்ட முடியாது. அவன் எஜமானர் ஒரு தடவை கேட்டிருந்தால்கூட அந்த மலையைப் போட்டிருக்க மாட்டார். டிரைவரிடம் அர்த்தம் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

கபாலி துணிக்கட்டுப் போட்ட கையை மறு கையால் பிடித்துக்கொண்டான். மாசிலாமணியின் கண்ணைப் பார்த்தான்.

“என்னடா முழிக்கறே? கிரின்னா தெரியாதோ?” என்றார் பத்ரிநாராயணன்.

“தெரியும் எஜமான்” என்றான் கபாலி. “மலைதான். வாங்க, போலாம்.”

மோட்டார் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறகு தேசப்பன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

“அவன் ஏன் வாத்யாரே சொல்லல?”

“தெரியலை. வழியில சொல்ல மாட்டான்னும் நிச்சயம் இல்லை. எழுந்திரு.”

அந்தோணியம்மாள் ஒரு ஒற்றைமாட்டு வண்டியைப் பிடித்து வந்தாள். கிழவரைப் படுக்க வைத்து, மேலே சாக்கும் அதன்மேல் மீன் கூடைகளும் அடுக்கினார்கள். பாலத்தைக் கடக்கும்போது எதிரே வந்த ஒவ்வொரு மோட்டாருக்கும் மாசிலாமணி கூடைகளை மறைத்து உட்கார்ந்தார். சாந்தோம் வழியாக லஸ் போய்ச் சேருவதற்குள் அவர் எத்தனை முறை திரும்பிப் பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை.

வக்கீல் ராமானுஜம் வீட்டுக் கூடத்தில் மேஜை போட்டிருந்தது. சாட்சியை மீன் வாடையோடு உள்ளே தூக்கி வந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கோவிச்சிக்காதீங்க சார். கூடைதான் பழசு, சாட்சி ஃப்ரெஷ்ஷு” என்றான் தேசப்பன்.

ஒரு பக்கத்தில் ஜைதூன் பீ முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அங்கமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, தான் கல்லில் செய்த தப்பைச் சொன்னார். தப்பு என்று சொல்லும்போதெல்லாம் வெட்கத்தோடு ஜைதூன் பீயின் பக்கம் பார்த்தார். அந்தத் தப்புதான் அவளுக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது என்பது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. கிரி என்ற சொல்லுக்கு அந்தோணியம்மாள் அர்த்தம் சொன்னாள். ஜைதூன் பீ முக்காட்டுக்குள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விசும்ப ஆரம்பித்தாள்.

ராமானுஜம் பேனாவை மூடினார். “மார்க்கு விஷயம் தீர்ந்தது, பினாங்குக்கு இது போதும். ஆனா மிஸ்டர் மாசிலாமணி, பூட்டினது யாருங்கறதுக்குச் சாட்சி இல்லை. கிழவர் கேட்டது சத்தம் மட்டும்தான். கொலைக்கு அது போறாது. பத்ரிநாராயணன் இன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்குவார். இவர் தூங்க முடியாது.”

அது மாசிலாமணிக்கும் தெரியும். மலையில் கிழவர் இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கோட்டு எங்கே வரும் என்பதும் தெரியும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று எழுந்து சாட்சிக்கு முன்னால் போய் நின்றார்.

வந்தவன் கபாலி. தனியாக வந்திருந்தான். இடுப்பு வரையில் புழுதி. ரயிலேறி, மீதி வழி நடந்து வந்திருக்க வேண்டும். மோட்டார்ச் சாவியையும் ஒரு கைத்துப்பாக்கியையும் மேஜைமேல் வைத்தான்.

“மலையேற மூச்சு வாங்குது, கோட்டைப் புடின்னாரு. புடிச்சுக்கினேன். அவரு மேல ஏறனதும் எறங்கிட்டேன், அவரு காரைத் தொட மனசு வரல, அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன்.” உள்ளங்கைக் கட்டை அவிழ்த்தான். பூட்டின் வளைவு அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. “உள்ள யாரும் இல்ல, பூட்டுன்னாரு. பூட்டிட்டேன். அப்பால உள்ள தீ புடிச்சுது, கூப்பாடு கேட்டுச்சு. தொறக்கலாம்னு புடிச்சேன், பூட்டு கொதிச்சுப் போயி இருந்துச்சு. சாவி அவரு கையில. காரு எடுன்னாரு, எடுத்துட்டேன்.”

அங்கமுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கபாலி காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

“அவரு எறங்கி வர்றதுக்குள்ள எழுதிக்குங்க சார்.”